பெட்டி அமத்தின அக்கா

"பாட்டுக்குழுவில வாசிச்ச அக்கா நீங்கள்தானே?"

ஜெயபுரத்தில் ஒரு கச்சான் தோட்டத்து வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இப்படிக் கேட்டேன். உள்ளே நிலக்கடலைச் செடிகளுக்கு நடுவே குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அறுபது வயது இருக்கும். வெயிலுக்காகத் தலையில் ஓர் ஆண்பிள்ளைச் சட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தார். என்னை ஒருமுறையும் என் ஹெல்மெட்டை ஒருமுறையும் பார்த்தார்.

"இல்லைத் தம்பி. நான் வாசிக்கேல்லை."

நன்றி சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். அதன்பிறகு முக்கால் மணி நேரம் அந்த ஊரின் ஒழுங்கைகளை எல்லாம் அளந்தேன். இரண்டு நாய்கள் துரத்தின. மூன்றாவது நாய் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுப் படுத்துவிட்டது. கடையில் கேட்டேன், நெல் ஆலையில் கேட்டேன், தபால்காரரை மறித்துக் கேட்டேன். எல்லோரும் ஒரே பக்கம்தான் கையைக் காட்டினார்கள். அந்தப் பக்கம் போனால் அதே கச்சான் தோட்டம். அதே தலைச்சட்டை.

"அக்கா, அந்தக் குழுவில ஒரு தாளப் பெட்டி இருந்ததாமே. அதின்ர சுவிச்சை அமத்தினது ஆர்?"

"அது நான்தான்."

"அப்ப முதல் கேக்கேக்க ஏன் இல்லையெண்டனீங்கள்?"

"வாசிச்சதோ எண்டெல்லோ கேட்டனீங்கள். வாசிச்சது பெட்டி. நான் அமத்தினது மட்டும்தான்."

நான் வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கோபமாகவும் சொல்லவில்லை, பகிடியாகவும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். பிறகு, "தண்ணி குடிக்கிறீங்களோ?" என்றார்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவர் மலையகத்தில் ஹற்றன் பக்கம் மகளிடம் போய்விட்டார். அதற்கு முன் நான்கு வருடங்கள் பழகியிருப்பேன். அந்த நான்கு வருடங்களில், தெரியாத ஒன்றைத் தெரியும் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அரைகுறையாகத் தெரிந்ததை முழுதாகச் சொல்லியும் கேட்டதில்லை. வாசிப்பவர்களுக்கு இது நல்ல குணமாகத் தெரியும். பக்கத்தில் இருந்து அனுபவித்தவனுக்குத்தான் அது எவ்வளவு பெரிய கரைச்சல் என்று தெரியும்.

அவருடைய ஊரில் ஒருவரின் பயற்றங்கொடியை இன்னொருவரின் ஆடு தின்றுவிட்டது என்று வழக்கு. கிராமச் சங்கத்தில் கூட்டம். பக்கத்துக் காணிக்காரர் என்பதால் அக்காதான் சாட்சி. "ஆடு வேலிக்குள்ள நிண்டதைப் பாத்தனான். தின்னுறதைப் பாக்கேல்லை" என்றாராம். பயற்றங்கொடிக்காரர் எழும்பி, அப்படியென்றால் ஆடு என்ன காத்து வாங்கவோ உள்ளே போனது என்று கேட்டிருக்கிறார். "அதை ஆட்டிட்டக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு அக்கா இருந்துவிட்டார். ஆட்டுக்காரர் அவரைக் கும்பிடப் போனபோது, "ஆடு வெளியால வரேக்க வாய் அசைஞ்சது. அதையும் பாத்தனான்" என்று முடித்தாராம். இரண்டு வீட்டுக்காரரும் மூன்று மாதம் அவரோடு கதைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, அதே இரண்டு பேரும் காணி எல்லை அளக்கும்போது சங்கிலியின் நுனியைப் பிடிக்க அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

என் மனைவி ஒருநாள் மீன் குழம்பு கொடுத்துவிட்டு எப்படி என்று கேட்டாள். "புளியை மட்டும்தான் கவனிச்சனான். புளி சரி" என்றார். மனைவி இரண்டு நாள் யோசித்து, அது பாராட்டுத்தான் என்ற முடிவுக்கு வந்தாள். இருபத்தைந்து வருடமாக எதை வைத்தாலும் "அந்தமாதிரி" என்று புகழ்ந்துவரும் என்னை அதன்பிறகு அவள் நம்புவதில்லை.

நான் அவரைத் தேடிப் போன கதைக்கு வருகிறேன்.

பரந்தனில் எனக்கு ஒரு கடை. முன்பக்கம் போட்டோக்கொப்பி. பின்பக்கம், முட்டை மட்டைகளைச் சுவரில் ஒட்டிய ஓர் அறை. அதை ஒலிப்பதிவுக் கூடம் என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறேன். அங்கே பதிவாகும் கலைப் படைப்புகள் பெரும்பாலும் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக ஓடும் மீன் வானுக்கும் ஐஸ்கிறீம் வானுக்கும் ஆனவை. மரண அறிவித்தலும் செய்வேன். ஒருமுறை எதிரொலியைக் கொஞ்சம் கூட்டி வைத்ததில், நெத்தலி விற்க வந்த வானை ஒரு கிழவி தேர் என்று நினைத்துக் கற்பூரத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

முல்லைத்தீவில் கருவாட்டு வியாபாரம் செய்யும் முஸ்லிம் நானா ஒருவர் என் வாடிக்கையாளர். இளம் வயதில் அவர் பாட்டுக்காரர். கிளிநொச்சிப் பக்கத்தில் ஓடித்திரிந்த ஒரு குழுவில் பாடியவர். இடையில், வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியதில், இருபது வருடத்துக்கு மேல் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு ஊர் திரும்பி, உடைந்த கடையைக் கட்டி எழுப்பி, கருவாட்டு விளம்பரத்தைத் தன் குரலிலேயே பாடிப் பதிந்து வானில் போட்டுக்கொண்டு திரிந்தார். ஒரு திங்கட்கிழமை வந்து, தொண்டையில் ஒரு கட்டி என்றும் அடுத்த செவ்வாய் பெரியாஸ்பத்திரியில் படுக்க வேண்டும் என்றும் சொன்னார். வெட்டி எடுத்த பிறகு குரல் எப்படி இருக்கும் என்று டொக்டர் வாய்விட்டுச் சொல்லவில்லையாம். அதனால் கருவாட்டு விளம்பரத்தை இப்போதே புதிதாக ஒன்று பதிந்து வைத்தால் வியாபாரம் படுக்காது என்பது அவருடைய திட்டம்.

பதிந்தோம். முடிந்த பிறகும் அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"தம்பி, ஒரு பாட்டும் இருக்கு. மகள்ட புள்ளையள் என்ர குரலெண்டு கருவாட்டை மட்டும் கேட்டா நல்லாயில்லைதானே."

அது அந்தக் குழு சொந்தமாகக் கட்டிய பாட்டு. கல்யாணத்துக்குச் சட்டை தைக்கக் கொடுத்தவன், சட்டை கைக்கு வருவதற்குள் கல்யாணமே முடிந்துபோன துயரத்தைப் பாடுவது. பதிவு எதுவும் எஞ்சவில்லை. குழுவில் மேளம் அடித்தவர் வெளிநாடு போனதும் கொழும்பில் பழசாக ஒரு தாளப் பெட்டி வாங்கினார்களாம். மரப்பெட்டி, மேலே வரிசையாகச் சுவிச்சுகள். வால்ட்ஸ், ரும்பா, சம்பா, மார்ச், ஸ்லோ ராக் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். எதை அமத்துகிறோமோ அந்தத் தாளம் நிற்காமல் ஓடும். இந்தப் பாட்டுக்கு வால்ட்ஸ் என்று நானா அடித்துச் சொன்னார்.

இங்கேதான் என் வாய் தன் வேலையைக் காட்டியது. "இதெல்லாம் ஒரு விசயமே நானா? உலகத்தில உள்ள பழைய பெட்டி எல்லாத்தின்ர தாளமும் இணையத்தில மிடிக் கோப்பாக் கிடக்கு. அரை மணித்தியாலம் தாங்கோ" என்றேன்.

மிடி என்றால் சத்தம் அல்ல. எந்த நேரத்தில் எதைத் தட்ட வேண்டும் என்ற குறிப்பு மட்டுந்தான். கட்டம் போட்ட கொப்பியில் புள்ளி வைத்ததுபோல் திரையில் தெரியும். சத்தத்தை நாம் தனியாகக் கொடுக்க வேண்டும். அதே பெட்டியின் சத்தங்களையும் யாரோ ஒரு புண்ணியவான் ஒவ்வொன்றாகப் பதிந்து போட்டிருந்தான். வால்ட்ஸை இறக்கினேன், ஓடவிட்டேன். பெட்டி உயிரோடு வந்ததுபோல் இருந்தது. நானா ஒலிவாங்கியைப் பிடித்தார், வாயைத் திறந்தார், மூடினார். திரும்பவும் திறந்தார். இரண்டு வரி பாடுவதற்குள் தாளம் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் போனார்கள்.

"இது எங்கட பெட்டி இல்லைத் தம்பி."

பதற்றம் என்பது எனக்குப் புதிதல்ல. அது என்னோடு கூடப்பிறந்தது, என்னைவிட ஆரோக்கியமாக வளர்ந்தது. அடுத்த இரண்டு நாளில் நான் வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன், ஸ்பீக்கரை மாற்றினேன், வயரை மாற்றினேன், கடைசியில் நானா இருந்த கதிரையையும் மாற்றினேன். பிரசருக்குக் குளிசை போடுகிறேன் என்று மனைவியின் தைரொய்ட் குளிசையைப் போட்டேன். புதன்கிழமை காலை நானா தொலைபேசியில், பெட்டியை அமத்திய தங்கச்சி ஜெயபுரத்தில் இருப்பதாகக் கேள்வி என்றார். நாய்கள் துரத்தியது அன்றைக்குத்தான்.

வியாழன் காலை பத்து மணிக்கு அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினார். அவரை ஏன் அமத்த விட்டார்கள் என்று கேட்டேன். கணவர் அந்தக் குழுவில் கிற்றார் வாசித்தவர். பெட்டிக்குப் பின்னால் கைகட்டி இருப்பது மேடையில் மரியாதைக் குறைவு என்று ஆண்கள் ஒருவரும் இருக்க மாட்டேன் என்றார்களாம். அதனால் கணவரோடு கூட வந்த அக்காவை இருத்திவிட்டார்கள். பத்து வயதில் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவர். பேச்சு முழுக்க எங்கள் பக்கத்துப் பேச்சு. கோபம் வந்தால் மட்டும் தோட்டத்துத் தமிழ் எட்டிப் பார்க்கும். அதை நான் ஒரேயொரு முறைதான் கேட்டிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் இறக்கிய வால்ட்ஸைக் கேட்டார். "வால்ட்ஸ் சரி" என்றார். எனக்கு உயிர் வந்தது. "ஆனா ரும்பா எங்க?" என்றார். வந்த உயிர் போய்விட்டது.

கதை இதுதான். ஆனையிறவில் உப்பளத் தொழிலாளர்களின் விழாவில் ஒரு பின்னேரம் வாசித்திருக்கிறார்கள். மேடைக்குப் பக்கத்திலேயே உப்புக் குவியல், காற்று முழுக்க உப்பு. அடுத்த கிழமை பார்த்தால் ரும்பாச் சுவிச்சு கீழே போனபடி எழும்பவில்லை. மண்ணெண்ணெய் விட்டார்கள், கரண்டிக் காம்பால் கிண்டினார்கள், கடைசியில் விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து எந்தச் சுவிச்சை அமத்தினாலும் அதற்கடியில் ரும்பாவும் சேர்ந்து ஓடியது.

"அதோட எப்பிடி அக்கா பாடினவை?"

"பழகிட்டினம். பிறகு கட்டின பாட்டெல்லாம் அதுக்கு மேலதான் கட்டினது. நானா பிறகு சேந்தவர். வால்ட்ஸெண்டா அப்பிடித்தான் எண்டு நினைச்சிருப்பார்."

அதிலும் ஒரு சிக்கல். வால்ட்ஸ் மூன்று எண்ணும், ரும்பா நான்கு எண்ணும். இரண்டும் சேர்ந்தால் பெட்டி மூன்றிலேயே நிறுத்தித் திரும்ப முதலிலிருந்து தொடங்கும். ரும்பாவின் கடைசிக் கால்வாசி ஒவ்வொரு சுற்றிலும் வெட்டுப்படும். மாடிப்படியில் இறங்கும்போது கடைசிப் படியைக் காணவில்லை என்றால் கால் எப்படித் திடுக்கிடும், அப்படி ஒரு தாளம். இணையத்தில் எவனிடமும் அது இருக்காது. உப்புப் பிடித்த பெட்டி அந்தக் குழுவிடம் மட்டும்தான் இருந்தது.

ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு கட்டம். அக்கா நேரே கணினியில் வைக்க விடவில்லை. என் மகளின் பழைய சதுரக் கொப்பி ஒன்றை வாங்கி, பென்சிலால் கோடு கீறினார். சத்தங்களை ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். வலது பெருவிரலால் மேசை விளிம்பை அமத்தியபடி, சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "இது", "இது இல்லை", "இன்னொருக்காப் போடுங்கோ." ஒரு கட்டத்தில் சரி அடையாளம் போட முன்னர் பத்துச் சுற்றாவது ஓடவேண்டும். நான் அந்த நேரத்தில் ஒரு பைக்கற் கிறீம் கிறாக்கர் முழுவதையும் தின்று முடித்தேன். பின்னேரம் மூன்று மணிக்குப் பதினொரு கட்டம் நிறைந்தது.

பன்னிரண்டாவதில் நின்றார்.

"இதில என்னவோ ஒண்டு இருந்தது, தம்பி."

"கொங்கா மேளமோ?"

"தெரியாது."

"அந்தக் குலுக்கிற சத்தமோ?"

"தெரியாது."

"அப்ப ஒண்டு இருந்ததெண்டு எப்பிடித் தெரியும்?"

"கேட்டது தெரியும். என்ன கேட்டதெண்டு தெரியாது. அது வெறுமையா இருக்கட்டும்."

கொப்பியை மூடி என்னிடம் தந்துவிட்டு நான்கு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது பிறகு நடந்தது, ஆனால் அந்த வெறுங் கட்டத்தை நினைத்தால் எனக்கு இதுதான் நினைவு வரும். ஒருநாள் குடும்ப விபரப் படிவம் ஒன்றைப் போட்டோக்கொப்பி எடுக்கக் கொண்டுவந்தார். கணவர் என்ற இடத்தில் 'உயிருடன்', 'காலமானார்' என்று இரண்டு சொல். பொருந்தாததை வெட்ட வேண்டும். அவர் இரண்டையும் வெட்டவில்லை. இப்படிக் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்களே என்றேன். இரண்டு தரம் அனுப்பிவிட்டார்களாம். ஏதாவது ஒன்றை வெட்டிவிட்டால் வேலை முடியுமே என்றேன், எல்லாம் தெரிந்தவன்போல.

"எதை வெட்டுறது தம்பி? கடைசியா, சண்டை முடியிற நேரம் வலைஞர்மடத்தில கண்டனான். அதை எழுத இதில இடம் விடேல்லை."

அன்றைக்கு எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. மெஷினில் தாள் முடிந்துவிட்டது என்று சொல்லி உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆனால் அந்த வியாழக்கிழமை எனக்கு இந்தப் புத்தி இருக்கவில்லை. திரையில் பதினொரு கட்டமும் நிறைந்திருக்க ஒன்று மட்டும் வெறுமையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க அதைக் கடந்து போனேன், வந்தேன். நாளைமறுநாள் நானா வருவார். இந்த ஓட்டையில் அவர் விழுந்தால்? செவ்வாய்க்குப் பிறகு திரும்பப் பாட முடியாமல் போனால்? இணையத்தில் எடுத்த ரும்பாவைப் பார்த்தேன். அந்த இடத்தில் கொங்கா இருந்தது. பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் கொங்கா என்பார்கள். பத்தாவது ஆள் அக்கா. சனிக்கிழமை மத்தியானம் அந்தக் கட்டத்தில் கொங்காவை வைத்துவிட்டு, நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை நானா வெள்ளைச் சட்டையோடு வந்தார். அக்காவும் வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் காணாத இரண்டு பேர் வாசலில் எதிரெதிரே நின்றார்கள்.

"நரைச்சுப்போச்சு தங்கச்சி."

"உங்களுக்குக் கொட்டிப்போச்சு நானா."

அதோடு முப்பது வருடமும் முடிந்தது. மனைவி மல்லித் தண்ணி கொடுத்தாள். நானா சொன்னார், மூன்று தரம் முழுதாகப் பாடலாம், அதற்கு மேல் தொண்டை தாங்காது. நான் முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு தாளத்தை ஓடவிட்டேன்.

பெட்டியின் முதல் சுற்றிலேயே நானாவின் முகம் மாறியது. "இதுதான்" என்று கையைத் தூக்கினார். ஒலிவாங்கி நிற்கும் இரும்புக் கம்பியைப் பிடித்துப் பாடத் தொடங்கினார். குரல் அறையை நிறைத்தது. என் முட்டை மட்டைகளுக்கு அப்படி ஒரு நாள் அதற்கு முன் வந்ததில்லை. சட்டையைத் தைக்கக் கொடுத்தாகிவிட்டது, தையற்காரன் நூல் வாங்கப் போய்விட்டான், அந்த இடத்தில் நானா தடுமாறி நின்றார். "பிசகிட்டன். என்ர பிழை" என்றார்.

இரண்டாம் தரம் கொஞ்சம் தூரம் போனார். கல்யாண வீட்டில் மேளம் கேட்கிற இடத்தில் திரும்பவும் நின்றுவிட்டார். குரலில் ஒரு கரகரப்பு ஏறியிருந்தது. வயசாகிவிட்டது, தாளம் பிடிபடவில்லை, பிழை தன்னுடையதுதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிழை யாருடையது என்று அந்த அறையில் ஒருவனுக்குத் தெரியும். அவனுடைய காதிலிருந்து வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

மூலைக் கதிரையில் இருந்த அக்கா, பன்னிரண்டாவது கட்டத்தில் கொங்கா யார் வைத்தது என்று கேட்டார்.

ஐம்பது வயதுக்காரன் சொல்லக்கூடாத ஒரு பதிலை நான் சொன்னேன். கணினி சில நேரம் தானாக ஏதாவது வைத்துவிடும் என்றேன்.

அவர் எழும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். சத்தத்தை உயர்த்தவில்லை.

"நாங் கேக்காத எடத்துல நீங்க என்னாத்துக்குங்க அடி வச்சீங்க?"

அந்தப் பேச்சைக் கேட்டதும், பிரம்போடு வந்த அதிபரைக் கண்டவன்போல என் கை தானாகக் கட்டத்தை அழித்தது. நானாவிடம் திரும்பி, பிழை உங்களுடையது இல்லை நானா, என்னுடையது என்றேன். பயத்தில் வைத்தேன் என்றும் சொன்னேன். நானா என்னைப் பார்த்தார். சிரித்ததுபோல் இருந்தது. "கருவாட்டுக்கும் நீங்கள் எதிரொலி கூடத்தான் போட்டனீங்கள்" என்றார்.

மூன்றாவது தரம். இதுதான் கடைசி.

தாளம் ஓடியது. பன்னிரண்டாவது இடம் வெறுமையாகப் போனது. நானா கம்பியைப் பிடித்தார், பாடினார். இரண்டாவது சுற்றில் ஒரு சத்தம் கேட்டது. டிங். சின்னதாக, இரும்பில் ஏதோ பட்டதுபோல. சரியாகப் பன்னிரண்டாவது கட்டத்தில். அடுத்த சுற்றிலும் டிங். என் பதற்றம் ஸ்பீக்கரையும் வயரையும் கூரையையும் சந்தேகித்தது. அக்கா கையைக் காட்டி என்னை அசையாமல் நிற்கச் சொன்னார். அவருடைய கண் நானாவின் இடது கையில் இருந்தது.

நானாவின் விரலில் ஒரு வெள்ளி மோதிரம். தாளம் வெட்டுப்பட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும், அந்தத் தொலைந்த படியைத் தாண்டுவதற்கு அவருடைய விரல் கம்பியைத் தட்டியது. அவருக்கே தெரியாமல். அந்தக் காலத்து மேடைகளில் எல்லாம் அப்படித்தான் தட்டியிருக்கிறார். நான் வைத்த கொங்கா அந்தத் தட்டோடு மயிரிழை முன்பின்னாக மோதியிருக்கிறது. தன் கையே பிசகுகிறது என்று நினைத்து அவர் நின்றுவிட்டார்.

பாட்டு முடிந்தது. சட்டை வந்தது, கல்யாணம் முடிந்திருந்தது, மாப்பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றான். நான் பதிவை நிறுத்த மறந்து நின்றதில், அதன் கடைசியில் அக்காவின் குரலும் விழுந்துவிட்டது.

"அது பெட்டி இல்லை. நானாவின்ர மோதிரம்."

கொப்பியைத் திறந்து, பன்னிரண்டாவது கட்டத்தில் பென்சிலால் 'மோதிரம்' என்று எழுதினார். நானா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ கடனாகக் கொடுத்த கை மாதிரி.

கட்டியை எடுத்துவிட்டார்கள். நானா நன்றாக இருக்கிறார். குரல் வந்தது, ஆனால் அது வேறு குரல். மெல்லியது, அரத்தால் ராவுகிற மாதிரி. பாட்டுக்கு உதவாது, விலை சொல்ல உதவும். அவருடைய வானில் பழைய குரல் கருவாட்டைப் பாடிக்கொண்டு வரும். வான் நின்றதும் அவர் இறங்கிப் புதிய குரலில் விலை சொல்வார். வானுக்குள் இன்னொருவர் இருக்கிறார் என்று நினைத்து எட்டிப் பார்க்கும் சனங்களும் உண்டு. சட்டைப் பாட்டு மகள் வீட்டுப் பிள்ளைகளிடம் இருக்கிறது. மோதிரச் சத்தம் வரும் இடத்தில் அவர்கள் கை தட்டுவார்களாம்.

இதெல்லாம் பிறகு. அந்த ஞாயிறு பின்னேரம் எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது.

அக்காவையும் நானாவையும் பஸ் ஏற்றிவிடப் பரந்தன் சந்திக்குப் போனேன். அக்காவுக்குப் பூநகரி பஸ், நானாவுக்கு முல்லைத்தீவு பஸ். பதிவு முடிந்ததிலிருந்து நானா என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். குரல் திரும்பி வரும்தானே? நானும் ஒவ்வொரு முறையும் வரும் நானா, ஒன்றுக்கும் யோசிக்காதேங்கோ என்றேன். மனைவியும் அதையே சொல்லியிருந்தாள். சந்தித் தேத்தண்ணிக் கடைக்காரர், என்ன வருத்தம் என்று கேட்காமலே, எல்லாம் சரிவரும் என்றார். நானா ஒவ்வொரு பதிலையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, இரண்டு நிமிசத்தில் திரும்பக் கேட்டார்.

பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நீங்க சொல்லுங்கோ. என்ர குரல் திரும்பி வருமா?"

நான் நானாவின் முதுகுக்குப் பின்னால் நின்று ஓணான்மாதிரித் தலையை ஆட்டினேன். கண்ணைக் காட்டினேன், வாயசைத்தேன், கும்பிட்டேன். வாழ்க்கையில் ஒரேயொரு தரம், ஒரேயொரு பொய். அக்கா என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது நானா."

முல்லைத்தீவு பஸ் வந்தால் அதற்கு முன்னால் பாய்வதா, பூநகரி பஸ்ஸுக்கு முன்னால் பாய்வதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா சொல்லி முடிக்கவில்லை.

"இண்டைக்கு இருந்தது. முழுப் பாட்டுக்கும் இருந்தது. அது எனக்குக் கேட்டது."

நானா வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஓம். இருந்ததுதான்" என்றார். பையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார்.

முல்லைத்தீவு பஸ் வர இன்னும் கால் மணி நேரம் எடுத்தது. அவர் அக்காவிடம் கச்சான் என்ன விலை போகிறது என்று விசாரித்தார். வலையில் இப்போது என்ன மீன் படுகிறது என்று சொன்னார். என்னிடம் அந்தக் கேள்வியை அவர் திரும்பக் கேட்கவில்லை. நானோ ஒவ்வொரு நிமிசமும் கேட்கப்போகிறார் என்று வாயில் ஒரு 'வரும்' தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது, ஏறினார், யன்னல் பக்கம் இருந்தார். நான் அதை விழுங்கிவிட்டுக் கையைக் காட்டினேன்.